முன்சக்கரம் ரோட்டுக்கு, பின்சக்கரம் மலைக்கு

என் பெரியப்பா பொன்னுரங்கம் ஜீப்பை ஓட்டிய நேரத்தைவிட, குனிந்து அதன் சக்கரங்களைப் பார்த்த நேரம்தான் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் பொய்யில்லை. விடிந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வேப்பங்குச்சியை வாயில் ஒதுக்கிக்கொண்டு, டயர்க் காற்றை அளக்கிற பித்தளைக் கேஜ் ஒன்றை இடுப்பு வேட்டியிலிருந்து எடுப்பார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் குந்தி உட்காருவார். முன்னால் இருபத்திரண்டு பவுண்டு, பின்னால் இருபத்தாறு. மலையிலிருந்து மூட்டை ஏற்றி வருகிற நாளென்றால் பின்னால் முப்பது. வெயில் ஏறி டயர் சூடாகிவிட்டால் கேஜ் கூடுதலாகக் காட்டும் என்பதால் இந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவார். குறைந்திருந்தால் கால் பம்பை வைத்து மிதிப்பார். கூடியிருந்தால் நகத்தால் வால்வை அழுத்திக் கொஞ்சம் விடுவார்.

கச்சிராயபாளையம் போகிற பஸ் ரோட்டில், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எங்கள் ஊர். ஏரிப்பாசனத்தில் நெல்லும் கரும்பும் இருந்தன. அதோடு கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், புளியமரங்களைக் குத்தகைக்கு எடுப்பது எங்கள் வீட்டுத் தொழில். பெரியப்பா நிலத்தைப் பார்த்துக்கொள்வார். மலைக்குப் போவது என் அப்பா அய்யப்பன். இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம். தாத்தா செத்தபோது அப்பா அரை டிராயர் போட்ட பையனாம். பெரியப்பாதான் படிக்க வைத்தார், அவர்தான் கல்யாணமும் செய்து வைத்தார். பெரியப்பாவுக்கும் பெரியம்மா பச்சையம்மாளுக்கும் பிள்ளை கிடையாது. அதனால் அப்பா அவருக்குத் தம்பியா மகனா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஜீப், சங்கராபுரத்தில் ஒரு காண்ட்ராக்டர் ஓட்டிக் கழித்தது. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. வாங்கி வந்த நாளில் பெரியம்மா சூடம் கொளுத்தி எலுமிச்சம்பழம் வைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு எல்லாமே அந்த வண்டிதான். மலைப் புளியும் அதில்தான் வந்தது. ரிஷிவந்தியம் கோயிலுக்கும் அதில்தான் போனோம். பெரியம்மா கிணற்றுப் படியில் விழுந்து இடுப்பெலும்பு பிசகியபின், கள்ளக்குறிச்சியில் கட்டுப் போடவும் எண்ணெய் உருவவும் அவளைக் கூட்டிப் போனதும் அதில்தான்.

1987ஆம் வருஷம் கோடையில் டயர்கள் மொழுக்கென்று ஆகிவிட்டன. புது டயர் வாங்க அண்ணனும் தம்பியும் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். துருகம் ரோட்டில் ஒரு பாயின் டயர் கடை. பாய் இரண்டு விதமான டயரை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார். ஒன்று ரிப். டயரைச் சுற்றி நீளவாக்கில் கோடுகள் ஓடும். தார் ரோட்டில் சத்தமில்லாமல் உருளும், திருப்பினால் சொன்ன பேச்சைக் கேட்கும். இன்னொன்று லக். கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். சேற்றையும் கல்லையும் கவ்விப் பிடிக்கும். ஆனால் தார் ரோட்டில் ஏறினால் வண்டியையே உதறும்.

"நாலும் லக்காவே போடுங்க பாய்" என்றார் அப்பா.

"நாலும் ரிப்பு" என்றார் பெரியப்பா.

"போன மழையில மூணாவது வளைவுல வண்டி எப்பிடி வழுக்கிச்சுன்னு நீ பாக்கலண்ணா. பாத்திருந்தா இந்தக் கோடு போட்ட டயர கையாலகூட தொடமாட்ட."

"நீ மலைக்கு எப்பவோ ஒரு தபா போற. மீதி நாளெல்லாம் உங்க அண்ணிய ஏத்திக்கினு நான்தான ரோட்ல போறேன்? கடகடன்னு ஒதறினா அவ இடுப்பு தாங்குமாடா?"

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரு சொல்றதும் நாயந்தான். ஆனா எதப் போட்டாலும் நாலயும் ஒண்ணாப் போடுங்க. அதான் வண்டிக்கு நல்லது."

பெரியப்பா ஜீப்பைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். தம்பி கேட்டதை இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. பெரியம்மாவின் இடுப்பையும் அவரால் மறக்க முடியவில்லை. கடைசியில் சொன்னார்: "இழுக்கறது பின்சக்கரம். லக்க பின்னாடி போடுங்க. திருப்பறது முன்சக்கரம். ரிப்ப முன்னாடி போடுங்க. ரெண்டுமாச்சி."

"ஸ்டெப்னிக்கு?" என்று கேட்டார் பாய்.

அதைப் பற்றி இருவருமே யோசித்திருக்கவில்லை. கழற்றிய பழைய ரிப் டயர்களில் கொஞ்சம் கோடு மிச்சமிருந்த ஒன்றை அப்பாவே பொறுக்கி எடுத்தார். "பஞ்சர் ஆனா வூடு வந்து சேர்ற வரிக்கும்தான. இது போதும்" என்றார். பெரியப்பாவும் சரி என்றார்.

அந்த ஏற்பாடு சில மாதங்கள் நன்றாகவே ஓடியது. ஆடியில் வெள்ளிமலைக்கு எல்லோரும் போனோம். மழையில் கரைந்து கிடந்த ஏற்றத்தில் அப்பா வண்டியை நிறுத்தி, பின்டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். டயர் அகலமாகச் சப்பி மண்ணைப் பிடித்தது. வண்டி முனகிக்கொண்டு ஏறிவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டே திரும்பி, "பாத்தியாண்ணா, காத்த எறக்கினா கல்லக் கடிச்சிக்கினு ஏறும்" என்றார். பெரியப்பாவும் சிரித்தார். "எறக்கறதெல்லாம் சரி. எறக்கினத ஏத்தாமயே வூட்டுக்கு வர்றியே, அதாண்டா தப்பு. காத்து கம்மியா கல்லு ரோட்ல ஓட்டினா ரிம்மும் கல்லும் டியூப நடுவுல போட்டுக் கடிச்சிடும்" என்றார். அப்பா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கீழே இறங்கி வந்ததும் பெரியப்பாதான் பம்பை மிதித்தார்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து ஊர்களிலெல்லாம் வேறு ஒரு பேச்சு சூடாக இருந்தது. எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து, வேலைக்குப் பதிந்து வைத்து, ஒரு இன்டர்வியூ கார்டுகூட வராமல் வயது தாண்டிப்போனவர். கூட்டங்களுக்கு அவர்தான் எங்கள் ஊர்ப் பையன்களைக் கூட்டிப்போனார். செப்டம்பரில் ஒரு வாரம் முழுக்கச் சாலை மறியல் என்று முடிவானபோது, எங்கள் ஊருக்கு முன்னால் பஸ் ரோட்டை அடைக்கிற பொறுப்பு அவருக்கு வந்தது.

பெரியப்பா மறியலுக்கு எதிரி இல்லை. ஆனால் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிச் சாய்ப்பது என்றதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"கேக்கறதக் கேளுங்கடா. வேணான்னு நான் சொல்லல. மரத்த ஏன்டா வெட்டறீங்க?"

"மனு குடுத்து எத்தினி வருசம்ணா? மரம் வுழுந்தாதான் நம்மள ஒருத்தன் திரும்பிப் பாப்பான். நாளைக்கு இவ படிச்சிட்டு எங்க போயி நிக்கறது?" என்று அப்பா என்னைக் காட்டினார்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். அதற்கு முந்தின வாரம்தான் கால் பம்பின் ரப்பர் குழாய் வெடித்து, அதை பாய் கடையில் சரிசெய்யக் கொடுத்திருந்தார். மறியலுக்கு முன்னால் போய் வாங்கி வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற வேலையில் அது தள்ளிப்போனது. மறியல் தொடங்கியதும் கள்ளக்குறிச்சியில் எல்லாக் கடையையும் சாத்திவிட்டார்கள்.

முதல் நாளே எங்கள் ஊருக்குக் கிழக்கே இரண்டு மரங்களைச் சாய்த்தார்கள். ரோட்டுக்குக் குறுக்கே பள்ளமும் வெட்டினார்கள். காலனியிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்பது நல்ல வார்த்தை. வராவிட்டால் ஊரில் வேலை கிடையாது என்று அப்பாவே காலனி முகப்பில் நின்று சொன்னாராம். எங்கள் நிலத்தில் வேலை செய்கிற அம்மாசியும் அப்படித்தான் கோடாலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மறியலின் நடுவில் ஒரு காலையில், மழை பெய்து விட்டிருந்த நேரத்தில், மூன்றாவது மரத்தை வெட்டினார்கள். ரோட்டுப் பக்கம் சாயட்டும் என்று கயிறு கட்டி இழுத்தார்கள். கயிற்றின் நுனியில் அப்பா. ஈர மண்ணில் வேர் ஒரு பக்கம் பிடுங்கிக்கொள்ள, மரம் முறுக்கிக்கொண்டு வேறு திக்கில் வந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அப்பாவின் கால் சேற்றில் வழுக்கியது. பெரிய கிளை ஒன்று அவர் தொடையிலும் அடிவயிற்றிலும் விழுந்தது.

நான் வீட்டில் இருந்தேன். ஆட்கள் கத்திக்கொண்டு ஓடி வந்ததும் பெரியப்பா ஜீப் சாவியை எடுத்ததும்தான் நான் கண்ணால் பார்த்தவை. மற்றதெல்லாம், அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து போன என் அம்மா செல்லியம்மாள் சொன்னது. பெரியப்பா அதைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை.

கிளையை அறுத்து அப்பாவை எடுத்தபோது அவருக்கு நினைவு இருந்தது. தொடையை வேட்டி கிழித்து இறுக்கிக் கட்டினார்கள். கச்சிராயபாளையத்தில் இதற்கெல்லாம் ஒன்றும் ஆகாது, கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கள்ளக்குறிச்சிப் பக்கம் ரோட்டில் அவர்கள் சாய்த்த மரங்களே கிடந்தன. பெரியப்பா அம்மாசியைப் பார்த்துக் கத்தினார்.

"நவுத்துங்கடா! ஒரு ஓரமாவாவது நவுத்துங்கடா!"

அம்மாசி மரத்தைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "வெட்டச் சொன்னீங்க, வெட்டிட்டோம் ஐயா. இத நவுத்தறதுக்கு ஆன வேணுங்க" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை என்று அம்மா சொல்வாள். அவர் அழுகிற மாதிரி இருந்தாராம்.

ஏரிக்கரையை ஒட்டிக் காலனி வழியாக ஒரு மாட்டுவண்டிப் பாதை உண்டு. அதில் போனால் சுற்றிக்கொண்டு, பஸ் ரோட்டுக்குப் பக்கத்திலேயே கள்ளக்குறிச்சிக்குப் போகிற கப்பி ரோட்டில் ஏறலாம். பெரியப்பா வண்டியை அதில் விட்டார். காலனிக்காரர்கள் மறியல்காரர்களுக்குப் பயந்து தங்கள் தெரு முகப்பை முள் போட்டு அடைத்திருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பின்னால் ஓடி வந்த அம்மாசிதான் முள்ளை இழுத்துப்போட்டு வழி விட்டார்.

காலனியைத் தாண்டியதும் ஏரித்தண்ணீர் கசிந்த கரிசல் மண். முன்சக்கரத்து ரிப் டயர் சேற்றில் திரும்பவே மாட்டேன் என்றது. பெரியப்பா ஸ்டீரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் வண்டி தன்பாட்டில் நேராக வழுக்கிக்கொண்டு போனது. பின்சக்கரம் குழி தோண்டி அச்சு வரை இறங்கியது. அம்மாசியும் நாலைந்து பேரும் தள்ளினார்கள். வண்டி ஆடியதே தவிர நகரவில்லை. ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்பா அலறினார்.

பெரியப்பா இறங்கிச் சேற்றில் மண்டியிட்டார். கேஜை எடுக்கவில்லை. நகத்தால் வால்வை அழுத்தி நாலு டயரிலும் காற்றை இறக்கினார்.

"மாமா, பம்பு இல்லியே" என்று அம்மா உள்ளிருந்து சொன்னாள். வீட்டில் பம்பு இல்லாதது அவளுக்குத் தெரியும்.

"தெரியும்மா. மொதல்ல இங்கேர்ந்து வெளிய வரணும். வண்டி மெத்துனு போனா அவனுக்கும் வலி கம்மியா இருக்கும்."

அது நடந்தது. டயர்கள் சப்பிப் படுத்தன. தள்ளுகிற கைகளும் சேர, ஜீப் சேற்றிலிருந்து மெதுவாகக் கிளம்பியது. வரப்பு, வாய்க்கால் என்று அப்படியே ஏறி இறங்கிக் கப்பி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பாகூட அலறுவதை நிறுத்திவிட்டு, "ண்ணா, மெத்துனு போவுதுண்ணா" என்றாராம். அந்த ரோட்டில் ஏறியபோது அம்மாவுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. அவள் என்னிடம் சொன்னதில் நம்பிக்கை என்ற பேச்சு வருகிற இடம் அது ஒன்றுதான்.

கப்பி ரோடு புதிதாக ஜல்லி கொட்டி, உருளை ஓட்டாமல் கிடந்தது. வேலைக்கு வந்த ஆட்கள் மறியலில் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கூர்க்கூராக நிற்கிற கல். அந்தக் காற்றை வைத்துக்கொண்டு அதில் ஓட்டக்கூடாது என்று பெரியப்பாவைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. மாட்டைவிட மெதுவாக உருட்டினார். ஒரு தோட்டத்து வீட்டில் நிறுத்திப் பம்பு கேட்டார். சைக்கிள் பம்பு ஒன்றை எடுத்து வந்தார்கள். அதன் வாய் ஜீப் டயரின் வால்வில் உட்காரவில்லை. துணி சுற்றிப் பிடித்து அடித்துப் பார்த்தார்கள். காற்றெல்லாம் ஓரமாகவே சீறிப் போயிற்று.

இப்போது மெதுவாகப் போனாலும் ஆபத்து, வேகமாகப் போனாலும் ஆபத்து. அப்பாவின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. "தண்ணி, தண்ணி" என்றார். பெரியப்பா கொஞ்சம் அழுத்தி ஓட்டினார். சிறிது தூரத்தில் இடது பின்சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்தது. ரிம் கல்லில் இடித்து டியூப் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

அப்பாவை இறக்க முடியாது. அவரை வைத்தபடியே ஜாக்கியை ஏற்றினார் பெரியப்பா. வண்டி சாய்ந்து உயர உயர அப்பா அம்மாவின் கையைக் கடித்தார். அந்தத் தழும்பு அம்மாவின் கையில் கடைசி வரை இருந்தது. கழற்றிய லக் டயர் இருந்த இடத்தில் ஸ்டெப்னி ஏறியது. அது ரிப். பழையது. ஆனால் அதில் இருபத்தாறு பவுண்டு சரியாக இருந்தது. ஸ்டெப்னிக்கும் காலையில் காற்றுப் பார்க்கிறவர் அவர்.

கள்ளக்குறிச்சி தூரத்தில் தெரிகிற இடத்தில் இன்னொரு ஊர்க்காரர்கள் ரோட்டை வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு மாட்டுவண்டியே உள்ளே படுத்துவிடுகிற அளவுக்குப் பள்ளம். இந்தப் பக்கம் பையன்கள் கூட்டமாக நின்றார்கள்.

"எந்த வண்டியும் போவாது. திரும்பிக்கோங்க" என்று ஒருவன் கையை நீட்டினான். கிட்டே வந்து பின்னால் பார்த்ததும் கையைக் கீழே போட்டான். அவன் அப்பாவைக் கூட்டத்தில் பார்த்தவன். "நம்ம அய்யப்பண்ணன்டா இது" என்று மற்றவர்களிடம் சொன்னான். அவர்கள் ஓடிவந்து பள்ளத்தில் மண்ணைத் தள்ளப் பார்த்தார்கள். அது ஆகிற வேலையில்லை என்று தெரிந்ததும், "கரும்புக் கொல்லை வழியா எறங்கி அந்தாண்ட ஏறிடுங்க மாமா, நாங்க தள்றோம்" என்றார்கள்.

கொல்லையில் இறங்கினார்கள். அறுத்த கரும்பின் கட்டைகள், நடுவில் மழைத்தண்ணீர். இறங்கியாயிற்று, ஏற வேண்டும். வலப்பக்கத்து லக் டயர் மண்ணைப் பிடித்தது. இடப்பக்கத்தில் அந்தப் பழைய ரிப் டயர் இருந்த இடத்திலேயே சுற்றியது. பின்சக்கரம் இரண்டில் ஒன்று பிடிக்காவிட்டால் வண்டியை இழுக்கிற விசையெல்லாம் அந்தச் சுற்றுகிற சக்கரத்துக்கே போய்விடும். பையன்கள் தங்கள் சட்டையைக் கழற்றிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார்கள். கரும்புத் தோகையைப் போட்டார்கள். சேறு அவர்கள் முகத்தில் அடித்தது. ஜீப் இன்னும் ஒரு முழம் கீழே இறங்கியதுதான் மிச்சம். பெரியப்பா கடைசி வரை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. அம்மா, "போதும் மாமா, நிறுத்துங்க" என்று கத்திய பிறகுதான் எஞ்சினை அணைத்தார்.

அந்த ஊரிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து அப்பாவைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். பெரியப்பா தலைமாட்டில் கட்டிலின் ஒரு காலைத் தோளில் வாங்கிக்கொண்டார். ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். வழியில் மரங்கள் கிடந்த இடத்தில் கட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிக் கை மாற்றினார்கள். ஊர் எல்லையில் முதல் வீடுகள் வந்தபோது அம்மா அப்பாவின் முகத்திலிருந்த ஈயை விரட்டினாள். அவர் கண் சிமிட்டவில்லை. அம்மா எதுவும் சொல்லாமல் கூடவே நடந்தாள். சொன்னால் கட்டிலைக் கீழே வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்ததாம். ஆஸ்பத்திரி வரை தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வாரத்தில் போலீஸ் துப்பாக்கியில் செத்தவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர்கள் மாலை போட்டார்கள், கல் நட்டார்கள். மரம் விழுந்து செத்த அப்பாவுக்கு எங்கள் ஊரில் ஒரு வருஷம் படம் வைத்தார்கள். அடுத்த வருஷம் மழையில் படம் நனைந்துவிட்டது. யாரும் புதிதாக எடுக்கவில்லை. போலீஸ், மரம் வெட்டிய வழக்கில் பெரியப்பா பேரையும் சேர்த்தது. ஜீப் ரோட்டில் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்களாம். அவர் எதையும் மறுத்துப் பேசவில்லை. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். பிறகு வழக்கு தானாக அமுங்கிப்போனது.

கடைகள் திறந்த பிறகு ஒருநாள் பாய் கடைக்குப் போனார். பாய் பம்பைச் சரிசெய்து துடைத்து வைத்திருந்தார். பெரியப்பா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். பாயே பின்னாளில் என்னிடம் சொன்னது இது.

"பாய், நீங்க உள்ளதச் சொல்லுங்க. நாலும் லக்கா போட்டிருந்தா போய்ச் சேந்திருப்பனா?"

பாய் கீழே இருந்த பம்பை எடுத்து மறுபடி துடைத்தார்.

"இல்ல, காத்த எறக்கறத பதினெட்டு பவுண்டோட நிறுத்தியிருந்தா? பதினெட்டுல சேத்தவுட்டு வெளிய வந்திருக்குமா? ஜல்லி தாங்கியிருக்குமா?"

"பொன்னுரங்கம், இன்னாத்துக்கு இதெல்லாம்? ரோடு இருந்திருந்தா நீ மொழுக்க டயரோடவே போய் சேந்திருப்ப" என்றார் பாய்.

பெரியப்பா தலையை ஆட்டினார். ஆனால் அதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ரோட்டை அடைத்தது தம்பி. தம்பி மேல் குற்றம் சொல்ல அவருக்கு வராது. அவர் கையில் இருந்தது டயரும் காற்றும்தான். அதனால் குற்றம் அங்கேதான் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

ஜீப்பைக் கரும்புக் கொல்லையிலிருந்து இழுத்து வர ஆளைக்கூட அனுப்பவில்லை. அந்த ஊர்க்காரர்களே மாட்டைக் கட்டி இழுத்துக் கொண்டுவந்து விட்டுப்போனார்கள். மலைக் குத்தகையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. வெள்ளிமலைக்காரர் ஒருவர் வந்து வண்டியைக் கேட்டபோது, பேரம் பேசாமல் சாவியைக் கொடுத்தார். பெரியம்மா இடுப்பு வலியோடு பஸ்ஸில் போய் வந்தாள். கொஞ்ச நாளில் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

அம்மாசி எங்கள் நிலத்து வேலைக்கு வரவில்லை. கரும்பு வெட்டும் கூட்டத்தோடு வெளியூருக்குப் போய்விட்டார். பெரியப்பா ஒருமுறை காலனி வரைக்கும் போய், தெரு முகப்பில் நின்றுவிட்டு, யாரையும் கூப்பிடாமல் திரும்பி வந்தார். இன்னா சொல்லப் போனீங்க என்று பெரியம்மா கேட்டதற்கு, "தெரியல" என்றார்.

இரண்டு வருஷத்தில் இடஒதுக்கீடு வந்தது. எங்கள் சாதிக்குத் தனியாக இல்லை. மிகவும் பிற்படுத்தப்பட்டவர்கள் என்று பல சாதிகளைச் சேர்த்து இருபது சதவீதம். ஊரில் வெடி வெடித்தார்கள். பெரியப்பா அன்றைக்குக் கொல்லையிலிருந்து இருட்டும் வரை வரவில்லை.

நான் பிளஸ் டூ முடித்து ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டேன். பெரியப்பாதான் என்னைக் கூட்டிப்போனார். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில், என்னைப்போலவே பிள்ளைகளும் பெரியவர்களும் நெருக்கியடித்து நின்றார்கள். எங்கள் சாதிக்காரர்களே பாதிக்கு மேல் இருந்திருப்பார்கள். பெரியப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மதிப்பெண்ணுக்கு மேலேயே இடங்கள் தீர்ந்துவிட்டன. அதிகாரி என் பேரைக் கூப்பிடவே இல்லை. எல்லோரும் கலைந்த பிறகும் பெரியப்பா அந்த வராந்தாவில் நின்றார்.

"இவ அப்பன் பேரு அய்யப்பன்" என்று கதவைச் சாத்த வந்த பியூனிடம் சொன்னார். அவர், "அதுக்கு இன்னாங்க?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.  பெரியப்பா என் தோளில் கையை வைத்து, "வாம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னா மாமா ஆச்சி?" என்றாள்.

"கெடைக்கல."

அம்மா சோறு போட்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார், பிசைந்தார், எழுந்துவிட்டார்.

அடுத்த வைகாசியில் என்னைத் திருநாவலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பெண் வீட்டு முறையெல்லாம் பெரியப்பா குறையில்லாமல் செய்தார். அதன்பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். நான் போகும்போதெல்லாம் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். கூப்பிட்டால் எழுந்து உட்கார்ந்து, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி படுத்துவிடுவார்.